ஒரு நாள் வண்டி, ஒரு நாள் மெஷின்

திங்கள், புதன், வெள்ளி காலை ஆறரை மணிக்கு, ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் அந்த மூன்று பேரும் எடை பார்க்க வரிசையில் நிற்பார்கள். ஒருவர் பஸ் டிரைவர், ஒருத்தி தையல்காரி, இன்னொருவன் நில அளவைத் துறையில் சர்வேயர். மூவருக்கும் சிறுநீரகம் செயலிழந்திருந்தது. டயாலிசிஸ் அறையில் ஜன்னலோரம் அடுத்தடுத்து இருந்த மூன்று நாற்காலிகள் அவர்களுடையவை. கையில் இரண்டு ஊசி குத்தி, ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து திரும்ப உள்ளே அனுப்ப நான்கு மணி நேரம் ஆகும். அதுவரை ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. வாயை அசைக்கத் தடையில்லை என்பதால் அங்கே பேச்சுக்கு மட்டும் குறைவில்லை.

டிரைவருக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்திரண்டு வருடம் ஒரே தடத்தில், காலையில் போய் மாலையில் திரும்பி, பஸ் ஓட்டியவர். நோய் வந்த பிறகு ஸ்டியரிங்கைத் தொட விடவில்லை. டிப்போ வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்த்தி, எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று எழுத வைத்துவிட்டார்கள். தான் ஓட்டிய வண்டியை இன்னொருவன் ஓட்டிப் போவதைத் தன் கையாலேயே குறித்துவைப்பது அவருக்குத் தினமும் ஒரு அடி.

தையல்காரிக்கு நாற்பத்தாறு. சர்வேயர் அவளை 'டைலரக்கா' என்று கூப்பிடப்போய், அவளைவிட எட்டு வயது மூத்த டிரைவர் வரை எல்லோருக்கும் அவள் டைலரக்கா ஆகிவிட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கையை வளர்த்துக் கட்டிக்கொடுத்து, இப்போது தங்கை வீட்டு முன்னறையிலேயே மெஷின் போட்டிருந்தாள். தங்கை தன் சிறுநீரகத்தைத் தருவதாகச் சொன்னபோது, 'ரெண்டு சின்னப் பிள்ளைங்கள வச்சுக்கிட்டு இந்தப் பேச்சு பேசாத' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

அவளுடைய சங்கடம் தாகம். சிறுநீரகம் போனவர்கள் குடிக்கும் தண்ணீருக்கு வெளியேற வழி கிடையாது. உடம்பிலேயே தங்கி, கால் வீங்கி, கடைசியில் நுரையீரலில் ஏறும். அதனால் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது. மற்ற இருவரும் எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தார்கள். டைலரக்காவால் முடியவில்லை. ஒவ்வொரு முறையும் மூன்று கிலோ, மூன்றரைக் கிலோ தண்ணீரை ஏற்றிக்கொண்டு வந்து நிற்பாள். சிஸ்டர் திட்டுவார். 'குழாய்ச் சத்தம் கேட்டாலே கை தானா டம்ளரத் தேடுது சிஸ்டர், நான் என்ன பண்ண' என்பாள்.

பயணப் பேச்சைத் தொடங்கியவன் சர்வேயர். முப்பத்தெட்டு வயது, கலகலப்பானவன். வேலையில் சேர்ந்த புதிதில் பயிற்சிக்காக இமயமலையில் மூன்று மாதம் இருந்திருக்கிறான். அங்கே ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று சின்ன ஊர்கள், ஓட்டுக் கூரைகள், சரிவில் ஊசியிலை மரங்கள், காலையில் கதவைத் திறந்தால் மூக்கு நுனி மரத்துப்போகும் குளிர் என்று கதை கதையாகச் சொல்வான். மூன்றாவது ஊரின் கடைசித் தெருவில் ஒரு பெஞ்ச் உண்டாம். அதில் உட்கார்ந்தால் பனிச் சிகரங்கள் வரிசையாகத் தெரியுமாம். யாரும் எதற்கும் அவசரப்படாத ஊர்கள் என்று சொல்லிவிட்டு ஒரு நாள், "நாம மூணு பேரும் ஒரு வேனைப் பிடிச்சுக்கிட்டுப் போனா என்ன?" என்றான்.

இருவரும் சிரித்தார்கள். ஆனால் பக்கத்தில் ஊசியைச் சரிசெய்துகொண்டிருந்த சிஸ்டர் சிரிக்கவில்லை. போகலாம், போகிறவர்கள் இருக்கிறார்கள் என்றார். வழியில் எந்தெந்த ஊரில் டயாலிசிஸ் இருக்கிறது என்று பார்த்து முன்கூட்டியே இடம் சொல்லி வைக்க வேண்டும், ரத்தப் பரிசோதனைச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும், மெதுவாகப் போக வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

அன்றிலிருந்து அந்த நான்கு மணி நேரத்தின் ருசியே மாறியது. ஒரு நாள் வண்டி, ஒரு நாள் மெஷின் என்பது சர்வேயரின் திட்டம். ஒரு நாள் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. டிரைவரின் மனைவியும் டைலரக்காவின் தங்கையும் கூட வருவார்கள். "மத்தவங்க நல்ல ஓட்டலாப் பார்த்து வண்டிய நிறுத்துவாங்க, நாம நல்ல ஆஸ்பத்திரியாப் பார்த்து நிறுத்துவோம்" என்பான். மலையடிவாரம் வரைக்கும் பிரச்சினை இல்லை, பெரிய ஊர்கள்தான். மலைக்கு மேலேதான் சிக்கல். மூன்று ஊர்களில் நடு ஊரில் மட்டும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இரண்டு மெஷின்கள் இருந்தன. அடிவாரத்திலிருந்து வளைந்து வளைந்து ஏறி, முதல் ஊரில் ஓர் இரவு தங்கி, மறுநாள் நடு ஊருக்குப் போனால் மெஷின். அங்கேயே நான்கைந்து நாள் தங்கினால், ஒரு நாள் மூன்றாவது ஊருக்குப் போய்ச் சிகரங்களைப் பார்த்துவிட்டு வரலாம். நடு ஊர் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மழைக்காலம் முடிந்ததும் வாருங்கள், இடம் தருகிறோம் என்றார்கள்.

திட்டம் போட ஆரம்பித்த மூன்றாவது மாதம் சர்வேயருக்கு அவனுடைய அம்மாவின் சிறுநீரகம் பொருந்திவிட்டது. ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் அவன் கடைசியாக டயாலிசிஸுக்கு வந்தபோது, போன் எண்களையும் தூரங்களையும் டிரைவரிடம் ஒப்படைத்தான். "நான் தேறி வந்ததும் நானே ஓட்டுறேன்ணே. நீங்க பக்கத்துல உக்காந்து ஹாரன் மட்டும் அடிங்க" என்றான்.

அவனுடைய நாற்காலியில் அடுத்த வாரமே வேறு யாரோ வந்து உட்கார்ந்தார்கள். டைலரக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவனுக்கு நல்லது நடந்திருக்கிறது, சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், அந்தச் சந்தோஷம் வரமாட்டேன் என்கிறது என்று டிரைவரிடம் மெல்லச் சொன்னாள். டிரைவருக்கும் அதே நிலைதான். ஆனால் அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் கிருமி தொற்றாமல் ஒதுங்கி இருக்க வேண்டும். அதனால் சர்வேயர் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. முதலில் தினமும் போனில் பேசினான். பிறகு வாரம் ஒருமுறை. பிறகு மூன்று பேருக்குமாக வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் ஒரு காலை வணக்கம், அவ்வளவு. திட்டம் முழுக்க டிரைவர் தலையில் வந்து விழுந்தது. அவரும் அதை ஆசையாகத் தாங்கிக்கொண்டார். கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்தபடி, வண்டிகள் வராத நேரத்தில், ஒவ்வொரு ஊராகக் கூப்பிட்டுப் பேசுவார்.

மழைக்காலத்தின் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை. தேதியை உறுதிசெய்யலாம் என்று நடு ஊர் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டார். போனை எடுத்தவர் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னதைப் புரிந்துகொள்ள அவருக்கு இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. டயாலிசிஸ் பார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியன் வேலையை விட்டுப் போய்விட்டார். வேறு ஆள் மலைக்கு வரத் தயாராக இல்லை. மெஷின் இரண்டையும் கீழே அனுப்பிவிட்டார்கள். அந்தப் பக்கத்து மலைகளில் இனி எங்கேயும் கிடையாது.

அதற்குள் இரண்டு பஸ்கள் உள்ளே வந்துவிட்டிருந்தன. நேரம் எழுதவில்லை என்று வண்டி ஓட்டி வந்த ஒருவன் கண்ணாடியைத் தட்டினான். என்ன மணி என்று அவனிடமே கேட்டு எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார். டைலரக்கா அவருக்கு முன்னால் எடை மெஷின் மேல் நின்றிருந்தாள். சிஸ்டர் எண்ணைப் பார்த்துவிட்டு, இறங்கச் சொல்லி மறுபடியும் ஏறச் சொன்னார். ஒன்றேகால் கிலோதான் ஏறியிருந்தது. ஒரு மாதமாகவே குறைந்துகொண்டுதான் வந்தது, ஆனால் இது அவள் வாழ்க்கையிலேயே குறைவு. சிஸ்டர் அவளுடைய தோளைத் தட்டினார்.

"மலை ஏறப் போறவளுக்கு மூச்சு வாங்கக் கூடாதில்ல சிஸ்டர்" என்றாள் டைலரக்கா. உதடு வெடித்திருந்தது. முகம் மட்டும் பரீட்சையில் பாஸான பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

டிரைவர் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டார். இன்றைக்கு வேண்டாம், வெள்ளிக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். வெள்ளிக்கிழமை அவள் குளிருக்கு எல்லோருக்கும் கோட்டு தைக்கத் துணி எடுத்துவிட்டதாகச் சொன்னாள். ஊசி குத்தும் கைக்கு முழங்கையிலிருந்து தோள் வரை திறந்து மூடும்படி பொத்தான் வைத்துத் தைப்பாளாம், குளிரில் கோட்டைக் கழற்றாமலே ஊசி போட்டுக்கொள்ளலாமாம். "சர்வேயர் தம்பிக்கு மட்டும் திறப்பு வேணாம், அது தப்பிச்சுடுச்சு" என்று சிரித்தாள். அன்றைக்கும் அவர் சொல்லவில்லை.

அதன் பிறகு சொல்வதற்கு நாள் கூடக் கூட, சொல்ல முடியாத காரணமும் கூடிக்கொண்டே போனது. வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னார். உடனே சொல்லிவிடுங்கள், நாளாக நாளாக அது வேறு மாதிரி ஆகிவிடும் என்றாள் அவள். வேறு எங்காவது ஒரு மெஷின் கிடைத்துவிடும், கிடைத்ததும் சேர்த்துச் சொல்கிறேன் என்றார். தேடாமலும் இல்லை. இன்னும் கிழக்கே, இன்னும் மேற்கே என்று பதினோரு ஆஸ்பத்திரிகளைக் கூப்பிட்டார். பாதி இடங்களில் போனை எடுக்கவில்லை. எடுத்தவர்கள் இல்லை என்றார்கள்.

மழை முடிந்து புறப்பட வேண்டிய நாள் நெருங்கியபோது, மலைப்பாதையில் மண் சரிந்திருக்கிறது, ஆறேழு வாரம் தள்ளிப்போகும் என்றார் டைலரக்காவிடம். அவள் நம்பினாள். நல்லதுதான், பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு குல்லா தைத்துவிடலாம் என்றாள். பிறகு, தங்க வேண்டிய விடுதியில் இடம் இல்லை என்று இன்னும் ஆறு வாரம் தள்ளினார். அவள் அதையும் நம்பினாள். நம்பிக்கொண்டே தண்ணீரைக் குறைத்தாள். ஒரு நாளைக்கு அரை லிட்டர். வாயில் ஒரு சின்னப் பனிக்கட்டித் துண்டை அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டிவிடுவேன், மலைக்குப் போனால் அங்கே வெளியிலேயே கிடக்குமே என்பாள்.

மழைக்காலத்து போன் பேச்சுக்கு நான்கு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வாட்ஸ்அப் குழுவில் சர்வேயரிடமிருந்து வரிசையாகப் படங்கள் வந்தன. நீல வானம். பனிச் சிகரங்கள். ஒரு பெஞ்ச். பெஞ்சில் சர்வேயர், தலையில் கம்பளிக் குல்லா, கையில் ஒரு பெரிய கப் நிறைய டீ. கீழே எழுதியிருந்தான்:

"அண்ணே, அக்கா, நம்ம மலைக்கு வந்திருக்கேன். ஆபீஸ் நண்பர்கள் திடீர்னு கிளம்பினாங்க. டாக்டரும் போலாம்னுட்டார், மனசு கேக்கல, ஒட்டிக்கிட்டேன். கோவிச்சுக்காதீங்க. நம்ம ஆஸ்பத்திரியத் தேடிப் போய்ப் பார்த்தேன். டயாலிசிஸ் ரூம் பூட்டிக் கிடக்கு. நாலு மாசமாவே இல்லியாம். நல்ல வேளை, தெரியாம எல்லாரும் கிளம்பி வரல."

டிரைவர் அதைப் படித்துவிட்டு, டைலரக்கா படித்துவிட்டாளா என்று பார்த்தார். அவள் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று காட்டியது, படித்துவிட்டிருப்பாள். அவர் ஏதோ எழுதத் தொடங்கி, அழித்து, மறுபடி எழுதி, அழித்தார். கடைசியில் போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தார்.

திங்கட்கிழமை அவள் வந்தாள். ஊசி குத்தி, மெஷின் ஓடத் தொடங்கி, இரண்டு மணி நேரம் வரை கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பிறகு கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணே?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"மழை நேரத்துலேருந்து."

"சரி" என்றாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். 

புதன்கிழமை அவள் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. சிஸ்டர் போன் செய்ததற்குத் தங்கை எடுத்து, அக்கா வரமாட்டேன் என்கிறாள், நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை என்று அழுதிருக்கிறாள். சனிக்கிழமை காலை டிரைவரும் அவர் மனைவியும் அந்த வீட்டுக்குப் போனார்கள்.

முன்னறையில் அவள் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். காலும் முகமும் வீங்கியிருந்தன. ஒரு சட்டையின் காலரை முடிக்கும்வரை நிமிர்ந்து பார்க்கவில்லை. டிரைவரின் மனைவி ஏதோ சமாதானமாகத் தொடங்கினாள். டைலரக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டு டிரைவரைப் பார்த்தாள்.

"மெஷின் இல்லேன்னதுக்காக நான் கோவப்படல அண்ணே. இல்லேன்னா இல்ல. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள். மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தாள். "இந்த நாலு மாசம் நான் எப்படி இருந்தேன்னு உங்களுக்குத் தெரியும். பிள்ளைங்க குளிக்கிற சத்தம் கேட்டா காதைப் பொத்திக்குவேன். பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தீங்களே. எதுக்காக இருந்தேன்?"

"நீ நல்லா இருக்கணும்னுதான்மா" என்றார் டிரைவர். "எடை குறைஞ்சுது. சிஸ்டர்கூட..."

"அது என் இஷ்டமா இருந்திருக்கணும்."

அவள் எழுந்து உள்ளே போனாள். ஒரு செம்பும் டம்ளரும் கொண்டுவந்து தையல் மெஷின் மேல் வைத்தாள். டம்ளர் நிறைய ஊற்றி, அவர்கள் கண் முன்னாலேயே நிறுத்தாமல் குடித்தாள். மறுபடி ஊற்றினாள். தங்கை ஓடிவந்து கையைப் பிடித்தாள். டைலரக்கா அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு இரண்டாவது டம்ளரையும் குடித்தாள். டிரைவர் தடுக்கவில்லை. தடுக்கத் தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. தன் நாக்கும் அந்தத் தண்ணீருக்குத் தவிப்பதை உணர்ந்து வெட்கப்பட்டார்.

குடித்து முடித்த பிறகு அவள் உட்கார்ந்து அழுதாள். வந்தவர்கள் உட்காராமலே கிளம்பினார்கள்.

தங்கை காலில் விழாத குறையாகக் கெஞ்சியதில் டைலரக்கா திங்கட்கிழமை டயாலிசிஸுக்கு வந்தாள். ஆனால் ஜன்னலோர நாற்காலி வேண்டாம் என்று சிஸ்டரிடம் சொல்லிக் கதவுப் பக்கம் மாற்றிக்கொண்டாள். எடை பார்க்கும் வரிசையில் டிரைவரைக் கண்டால் தலையசைப்பாள், பேசமாட்டாள். நான்கு கிலோ, நான்கரைக் கிலோ. சிஸ்டர் திட்டுவதை விட்டுவிட்டார். சொல்ல வேண்டியதை ஒரு நாள் முழுசாகச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று டிரைவர் நினைத்துக்கொண்டே இருந்தார். இந்த முறையும் புதன், வெள்ளி என்று தள்ளிப்போட்டார்.

நான்காவது வாரம், வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே இரண்டு நாள் இடைவெளி விழுமே, அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளுக்கு மூச்சு முட்டியது. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை எடை மெஷின் மேல் நின்றபோதுதான் சிஸ்டர் டிரைவரிடம் சொன்னார். பதினொரு மணிக்கு எடுக்கிறார்கள் என்றார். டிரைவர் எடை மெஷினிலிருந்து இறங்கினார். இப்போதே கிளம்பினால் முகத்தைப் பார்த்துவிடலாம். ஆனால் அவருக்கும் அது இரண்டு நாள் இடைவெளிக்குப் பிந்தைய காலை. முந்தின நாளிலிருந்தே மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இப்போது விட்டால் இந்த நாற்காலி மறுநாள்தான் கிடைக்கும். சிஸ்டர் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

டிரைவர் நாற்காலியில் போய் உட்கார்ந்து கையை நீட்டினார்.

அன்றைக்கு அவர் அழுததை அந்த அறையில் எல்லோரும் பார்த்தார்கள். ஒரு கை மெஷினில் கட்டியிருந்ததால் மறு கையால் மட்டுமே முகத்தைத் துடைத்துக்கொள்ள முடிந்தது. பதினொன்றேகாலுக்கு ஊசியைப் பிடுங்கி, ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்து, ஆட்டோவில் அந்தத் தெருவுக்குப் போனபோது, வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். முன்னறையில் தையல் மெஷினை ஒரு போர்வையால் மூடியிருந்தார்கள். தங்கை அவரைப் பார்த்து, "வாங்கண்ணே, உக்காருங்க" என்றாள். அவள் குரலில் குறை எதுவும் இல்லை. அக்கா அவளிடம் அவரைப் பற்றித் தவறாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பது அதில் தெரிந்தது. அவரால் உட்கார முடியவில்லை.

மறுநாள் சர்வேயர் கூப்பிட்டான். தான் அந்த மெசேஜை அனுப்பாமல் இருந்திருக்கலாம், போனதையே சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதான். தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது என்று சொல்ல வேண்டும் என்று டிரைவருக்குத் தெரிந்தது. அதைச் சொன்னால் நான்கு மாதக் கதையையும் சொல்ல வேண்டும்.

"நீ உள்ளதத்தானப்பா சொன்ன" என்று மட்டும் சொன்னார். அவன் அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டானா, குத்தலாக எடுத்துக்கொண்டானா தெரியவில்லை. அதன் பிறகு அவன் கூப்பிடவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஜன்னலோரம் டைலரக்கா விட்டுப்போன நாற்காலிக்கு ஒரு புது ஆள் வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர், நாற்பது வயதிருக்கும். முதல் நாள் பயத்தில் பேசவே இல்லை. மூன்றாம் நாள் கொஞ்சம் தெளிந்தார். ஊசி குத்திய கையைப் பார்த்துக்கொண்டே, டிரைவரிடம் கேட்டார்.

"சார், இத வச்சுக்கிட்டு எங்கியாவது வெளியூர் போக முடியுமா? பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போறதா சொல்லியிருந்தேன்."

போகலாம் என்பதும் உண்மை. போக முடியாமல் போகும் என்பதும் உண்மை. இரண்டும் டிரைவரின் வாய்வரை வந்தன. புது ஆள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர்கிட்டக் கேளுங்க சார்" என்று சொல்லிவிட்டு டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.